குள்ளம்மாளின் வெள்ளைக் கை

அரூர்ச் சந்தையில் குள்ளம்மாளின் தயிருக்கென்று ஒரு பேர் இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் பானை காலியாகிவிடும். 1938-ஆம் வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் அவள் வலது கை விரல்களில் வெள்ளையாகச் சில புள்ளிகள் தெரிந்தன. கழுவினால் போகவில்லை. மாசி பிறப்பதற்குள் அவை ஒன்றுகூடி முழங்கைவரை ஏறின. உதட்டோரத்திலும் ஒன்று.

குஷ்டம் என்று யாரும் நேரில் சொல்லவில்லை. தயிர் வாங்க வந்தவர்கள் அவள் கையைப் பார்த்துவிட்டு அடுத்த பானைக்குப் போனார்கள். வீட்டில் நாத்தனார் நஞ்சம்மாள் அவளுக்குத் தனித்தட்டு எடுத்துவைத்தாள். கணவன் மாதேஸ்வரன் அதைக் கண்டும் வாய் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. குஷ்டம்னா குஷ்டம்னு தெரிஞ்சிட்டுப் போவட்டும்" என்றாள் ஒருநாள் அவனிடம்.

டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, வெள்ளைத் தோலில் பஞ்சால் தடவினார். பிறகு ஊசிமுனையால் தொட்டார்.

"தெரியுதாம்மா?"

"மொதல்ல மெத்துனு இருந்துதுங்க. இப்ப சுருக்குனு குத்துதுங்க."

"குஷ்டம்னா பெரும்பாலும் அந்த எடம் மரத்துப் போயிருக்கும். உனக்கு அப்படி இல்ல. தோலுக்கு நெறம் குடுக்குற சத்துதான் அங்க இல்லாமப் போச்சு. இது யாருக்கும் ஒட்டாது."

மாதேஸ்வரன் அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் தொட்டான்.

கார்போகரிசி என்ற மருந்து விதையின் எண்ணெயைப் பூசி, காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டச் சொன்னார் டாக்டர். சீக்கிரம் குணமாகட்டும் என்று குள்ளம்மாள் உச்சிவெயில்வரை உட்கார்ந்தாள். கை கொப்பளித்துப் போனது. ஆறியபின் அளவோடு காட்டினாள். ஆறு மாதம் கழித்து, முழங்கையின் கீழே மயிர்க்கால்களைச் சுற்றிக் கேழ்வரகு மணிபோலப் பழுப்புப் புள்ளிகள் எழும்பின.

ஆனால் சந்தையில் நிலைமை மாறவில்லை. கீரை விற்கும் சின்னக்கா ஒருநாள், "அந்தக் கையாலயா தயிர் மோந்து ஊத்தற?" என்று பலர் கேட்கக் கேட்டாள்.

குள்ளம்மாள் முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு கையை நீட்டினாள். "குஷ்டம்னா மரத்துப் போயிருக்குமாம். முள்ள எடுத்துக் குத்திப் பாரு. எங்க குத்துறன்னு சொல்றேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. சின்னக்கா தயங்கித் தயங்கித்தான் குத்தினாள்.

"நடுவெரலு… மணிக்கட்டு… ஸ்ஸ், மெதுவா புள்ள!"

யாரோ சிரித்தார்கள். சின்னக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பாதிப் பானைதான் விற்றது. அடுத்த வாரங்களில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சிலர் கடைசிவரை வரவே இல்லை.

மூன்று வருஷத்தில் முன்கை ஏறக்குறைய பழைய நிறத்துக்கு வந்தது. விரல் நுனியும் உதடும் அப்படியே இருந்தன. அங்கே நிறம் திரும்புவது கடினம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. வெயில்ல கைய நீட்டிக்கிட்டு எத்தனை நாள் உக்காருறது? ரெண்டு மாடு கன்னு போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்தாள் குள்ளம்மாள்.