பஸ்ஸில் வைத்த கொள்ளி

இன்று மதியம், சேந்தமங்கலம் போகும் பஸ். பக்கத்து இருக்கையில் ஒரு கல்லூரிப் பெண் போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று பதறினாள்.

"ஏனுங்க்கா, கொஞ்சம் நெட் குடுக்கறீங்களா? எனக்குத் தீந்துருச்சு. இந்த கேம்ல பொழுது எறங்குறதுக்குள்ள இவனுக்குக் கொள்ளி வெக்கோணும்."

திரையில் ஓர் ஆற்றங்கரை. அடுக்கிய விறகின் மேல் கவசம் போட்ட ஒரு வீரன்.

"விளையாட்டுதானே?" என்றேன்.

"இவனை வெச்சு ஆடுன பையன் நெசமாவே செத்துட்டானுங்க்கா. என்ற சிநேகிதன். போர் போடுற ரிக் வண்டியில வேலை. நேத்துதான் எரிச்சாங்க. பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதுன்னு என்னைத் தெருமுனையிலயே நிறுத்திட்டாங்க. இதுல அப்படி இல்லீங்க. கூட நின்னு சண்டை போட்டவங்கதான் கொள்ளி வெக்கோணும்."

"வெக்கலைன்னா?"

"பேயா அலைவான். போறவன் வாரவனையெல்லாம் வெட்டுவான்."

ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தேன். விறகு பற்றிக்கொண்டது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்ன சாமி, பரீட்சையில பெயிலா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க" என்றாள்.

எந்தச் சடங்கையும் நம்பாத நான் இன்று ஒரு சடங்குக்கு நெட் கொடுத்திருக்கிறேன். கேலி செய்ய நினைப்பவர்கள் கீழே கமெண்ட்டில் வரிசையாக வரலாம்.