ஸ்கேன் அறையில் அடித்த மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நடந்தது ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல்.

என் அக்கா மூளை ஸ்கேன் எடுப்பவள். நான் அவள் தம்பி. அன்று இயந்திரத்துக்குள் கிடந்தவர் அவள் கணவர், என் அத்தான். மூளை உறையில் பூஞ்சைத் தொற்று. சில நாட்களாக நினைவே இல்லை. டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

“தண்ணி மட்டும் தேங்கியிருந்தா வடிச்சுப் பொழைக்க வெச்சிடலாம். ஆழத்துல வெள்ளைப் புள்ளிங்க இருந்தா... மனசைத் தேத்திக்கங்கம்மா.”

உள்ளே படுப்பவர் கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள். பயந்தால் அழுத்த வேண்டும், வெளியே மணி அடிக்கும். நினைவில்லாதவருக்கு அது எதற்கு? அக்கா அதை இயந்திரத்தின் பக்கவாட்டிலேயே மாட்டிவிட்டு வந்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருவர் மட்டும்.

டக்... டக்... டக்...

படம் வந்தது. ஆழத்தில் ஐந்து வெள்ளைப் புள்ளிகள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

அப்போது மணி அடித்தது.

எட்டிப் பார்த்தோம். அத்தான் அசையவில்லை. மாட்டிய இடத்திலேயே பந்து நசுங்கியிருந்தது. யாரோ இறுக்கிப் பிடித்தது போல...

உள்ளே இருப்பவரோடு பேசும் பொத்தானை அக்கா அழுத்தினாள். என் கையை விடவில்லை.

“யாரா இருந்தாலும் சரி, அவரை விட்டுடு. வேற யாரை வேணும்னாலும் எடுத்துக்கோ.”

ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம். பிறகு ஒரு குரல். அத்தான் குரல் இல்லை.

“யாரை?”

அக்கா வாயே திறக்கவில்லை. பிடி மட்டும் இறுகியது.

பந்து மெல்ல உப்பியது...

மறுபடி எடுத்த படத்தில் புள்ளிகள் இல்லை. தண்ணீர் மட்டும்தான். முதல் படம் கணினியிலேயே இல்லை. அத்தான் பிழைத்தார். இப்போது காப்பியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை பிடிக்கிறார். எனக்கும் சந்தோஷம்தான், சத்தியமாக.

போன வாரம் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. அக்காதான் ஸ்கேன் எடுத்தாள். படத்தை டாக்டர் காட்டினார். ஐந்து புள்ளிகள். அதே இடங்கள்.

உள்ளே படுத்திருந்தபோது, பயத்தில் பந்தை அழுத்தினேன். மணி அடித்தது. முகத்துக்கு மேலிருந்த சின்னக் கண்ணாடியில் அக்கா தெரிந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

பேசும் பொத்தானை மட்டும் அவள் தொடவே இல்லை.