சட் பூசைக்கு லீவு

பட்டாளத்தில் பதினேழு வருசம் இருந்துவிட்டு வந்தவர் என்றால் போதும், இந்த ஊரில் உடனே ஒரு விசிலையும் நாற்காலியையும் நீட்டுவார்கள். என் வீட்டுக்காரர் அழகுபாண்டிக்கும் கே.கே. நகர் அடுக்குமாடி வாசலில் நீட்டினார்கள். "கார் கதவைத் தொறந்துவிடவா லடாக்ல நின்னேன்?" என்று திரும்பி வந்துவிட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

பிறகு நாகமலை புதுக்கோட்டையில் கட்டட வேலை கிடைத்தது. காண்டிராக்டர் முத்திருளனுக்கு, பீகார் ஆட்களை மேய்க்க இந்தி தெரிந்தவர் வேண்டும். பட்டாளத்து இந்தி எங்களுக்குச் சோறு போட்டது. ஊர்ப்பக்கம் போகாமல், மகள் ஆர்த்திகாவை இங்கேயே பள்ளியில் சேர்த்தோம்.

தீபாவளி முடிந்ததும் அந்த ஆட்கள் சட் பூசைக்கு லீவு கேட்டார்கள். தண்ணீரில் நின்று சூரியனைக் கும்பிடும் பண்டிகை. அவர்களுக்கு அதைவிடப் பெரிது கிடையாது. முத்திருளன் என்ன செய்தார் தெரியுமா? எல்லார் ஆதார் அட்டையையும் வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியை இவரிடம் கொடுத்தார்.

"கான்கிரீட் முடியிற வரைக்கும் ஒருத்தனும் நகரக் கூடாதுண்ணே. மிலிட்டரிக்காரர் ஒரு அதட்டு போட்டா அடங்கிருவாய்ங்க."

அன்றைக்கு வீட்டில் இவர் சாப்பிடவில்லை. "வேலையை விட்டுறாதீங்க, புள்ள படிக்குது" என்றேன். பயம், வேறென்ன?

"லடாக்ல இருந்தப்ப நம்ம குலசாமி கும்பிடுற மாசிப் பச்சைக்கு எனக்கு லீவு இல்லைன்னுட்டாய்ங்க, தமிழு. ராம்பிரவேஷ்னு ஒரு பீகார்க்காரன், 'நீ போ, நான் இருக்கேன்'னு தன் லீவை விட்டுக்குடுத்தான். அவன் ஊர்க்காரனை நான் பூட்டி வைக்கவா?"

ஆர்த்திகாவுக்குக் குலசாமி கோயிலில் மொட்டை போட்டது அந்த மாசியில்தான். அப்பா மடியில் உட்கார்ந்துதான் போட்டுக்கொண்டாள். சாவியை எடுத்து நானே அவர் சட்டைப்பையில் போட்டேன்.

காலையில் அலமாரியைத் திறந்து அட்டைகளைக் கொடுத்து, ஆட்களை ஷேர் ஆட்டோவில் ரயிலடிக்கு அனுப்பிவிட்டார். முத்திருளன் குதித்தார்.

"யாரைக் கேட்டுண்ணே தொறந்தீங்க?"

"சாவி எங்கிட்டதானப்பா இருந்துச்சு. நான் ஒருத்தன் விட்டுக்குடுத்த லீவுல ஊருக்குப் போனவன். ஆளை அடைச்சு வைக்கிறவன் இல்ல. இந்தா, சாவியைப் பிடி!"

"இனி வாட்ச்மேன் வேலைதான் உங்களுக்கு!"

அப்படியா? சட் முடிந்து திரும்பிய ஆட்கள் நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். அவர்களை வைத்து, பழங்காநத்தத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டும் வேலையை இவரே காண்டிராக்ட் எடுத்தார். மாசி பிறந்தது. தளம் போடும் நேரம் என்பதால் குலசாமி கும்பிட ஊருக்குப் போவதைப் பற்றி இவர் வாயே திறக்கவில்லை. ஆட்கள்தான் எப்படியோ தெரிந்துகொண்டு, "நீங்க போங்க சாப், நாங்க இருக்கோம்" என்று இந்தியில் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் அங்கேயே அழுதுவிட்டார்.