காஷிஃபின் 'போட்டாச்சு'

எதைக் கேட்டாலும் காஷிஃப் "போட்டாச்சு" என்பான். மோட்டார் போட்டாயா என்று பெரியம்மா கத்தினால், படுத்தபடியே "போட்டாச்சும்மா!" தொட்டியில் தண்ணீர் இருக்காது. சின்ன வயதிலிருந்தே ஜுவேரியா பார்த்துவரும் பழக்கம்.

ஆழ்வார்பேட்டை மென்பொருள் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதும் இந்தப் பெரியம்மா மகன்தான். வீட்டில் முதல் பட்டதாரி அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

தி.நகர் ஜவுளிக்கடைக்கு அவன் எழுதிய நிரலும் அவனைப் போலவே இருந்தது. ரவிக்கை தைத்து முடிந்ததும் கடையில் பொத்தானை அழுத்துவார்கள். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும். நிரல் அந்தச் செய்தியை வரிசையில் சேர்த்த உடனேயே 'அனுப்பியாச்சு' என்று பச்சை காட்டிவிடும். பின்னணியில் தனியாக ஓடும் 'திரெட்' என்ற துணை ஓட்டம் அதன் பிறகுதான் ஒவ்வொன்றாக எடுத்து அனுப்பும்.

"அந்தத் திரெட் நடுவுல செத்துப்போனா யாருக்குண்ணே தெரியும்?"

"இன்னாத்துக்கு சாவப்போவுது? வரிசையில போட்டாச்சு, தானா போவும். சும்மா நோண்டாத ஜுவே."

அவன் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பிறகொரு நாள் கடையில் யாரோ போன் எண் இல்லாமல் ஒரு பெயரைப் பதிந்தார்கள். திரெட் அதில் முட்டி விழுந்தது. வரிசை நீண்டுகொண்டே போனது; பச்சைக்கு மட்டும் குறைவில்லை.

"பச்சையாத்தாம்மா காட்டுது, ஒருத்தரும் வர மாட்டேங்காங்க!" என்று கடை மேனேஜர் பொன்ராஜ் போனில் கொதித்தார். "ஒரு கல்யாணப் பொண்ணு பழைய ரவிக்கையோட மணவறையில உக்காந்திருக்கு. மிஷினை அணைச்சுப் போட்டும் பாத்துட்டேன்."

அணைத்ததில், காத்திருந்த வரிசையும் அழிந்தது.

அந்த நிரல் கோப்பில் கடைசியாகக் கை வைத்தவள் ஜுவேரியா. பொத்தானின் நிறத்தைத்தான் மாற்றினாள். மேலாளர் ஸ்வர்ணலதா அவளுடைய நிரந்தர ஆணையை நிறுத்திவைத்தார்.

"நான் எழுதினது இல்ல மேடம்."

"போனவங்க மேல பழி போடறது சுலபம்மா."

சரிசெய்யும்போது விசைப்பலகையை உடைக்கலாம் போலிருந்தது. அவன் மேல் கோபமா, தெரிந்தும் அன்று அடங்கிப்போன தன் மேலா? வேலை வாங்கித் தந்தவனிடம் இன்னொரு முறை கேட்க ஏன் நா எழவில்லை?

போன் செய்தாள். "நீ எழுதினதுன்னு மேடத்துக்கு ஒரு வரி மெயில் போடுண்ணே. அது போதும்."

"இதுக்கா அழுவுற? போட்டாச்சுன்னு வச்சுக்கோ."

மறுவாரம் ஸ்வர்ணலதாவிடம் தயங்கிக் கேட்டாள்.

"காஷிஃபா? ஒண்ணும் வரலையே."

பெருநாளன்று பெரியம்மா வீட்டில் பிரியாணித் தட்டை நீட்டியவனிடமும் அதையே கேட்டாள்.

"அப்பவே போட்டாச்சே!" என்று சிரித்தான்.

அந்த ஒரு வரி இன்னும் வரவில்லை.