அறுபத்தொரு தலையும் ஒரு பேருந்தும்

அந்த ஊரின் மக்கள்தொகை அறுபத்தொன்று. ஒருவர் தும்மினால் மற்ற அறுபது பேரும் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அவ்வளவு சின்ன ஊர். கோழிகளைச் சேர்த்தால் இருநூறைத் தாண்டும், ஆனால் அரசாங்கம் கோழிகளைச் சேர்ப்பதில்லை. தையல்காரருக்கு அதில் ரொம்ப வருத்தம்.

ஊருக்கு ஒரே பேருந்து. காலையில் நகரத்துக்குப் போய் மாலையில் திரும்பும். செவ்வாயும் வெள்ளியும் தையல்காரர் தன் மனைவியை டயாலிசிஸுக்கு அதில்தான் கூட்டிப்போவார். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடமாகிறது. பேருந்து நின்றால் அவளும் இல்லை.

அந்தப் பேருந்துக்கு வேட்டு வைக்கத்தான் போக்குவரத்துக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூன்று நாள் தலை எண்ணப்போகிறார்களாம். தினமும் நாற்பது பேராவது ஏறாவிட்டால் பேருந்தை நிறுத்திவிடுவார்களாம்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்.

“எனக்கு டவுன்ல என்ன வேலை?” என்றார் தச்சர்.

“சும்மா போய்ட்டு வாங்கண்ணே. ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்.”

“எனக்கு வாந்தி வருமேய்யா.”

“அப்போ கண்டிப்பா ஜன்னல் சீட்டுதான்.”

கெஞ்சினார், மிரட்டினார், ஆயுசுக்கும் ஓசியில் பொத்தான் தைத்துத் தருவதாகச் சத்தியம் செய்தார். போதாதென்று பக்கத்து ஊர்களுக்கும் சொல்லியனுப்பினார். முதல் நாள் நாற்பத்து மூன்று பேர். இரண்டாம் நாள் எழுபது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வேடிக்கை பார்க்கக் கிளம்பிவிட்டது.

மாலையில் நகரத்துப் பேருந்து நிலையத்தில்தான் கிளார்க் எண்ணுவார். ஆஸ்பத்திரி அடுத்த நிறுத்தம். சிகிச்சை முடிந்து வெளிறிப்போய் உட்கார்ந்திருந்த மனைவி, “நீங்க போய் உங்க மந்தையைப் பாருங்க. ஒண்ணு ரெண்டு வழி தவறிடப்போகுது. நான் வாசல்லயே ஏறிக்கிறேன்” என்றாள்.

“தனியா நிப்பியா?”

“என்னை விட்டுட்டா போயிடும்? உங்க பஸ்ஸாச்சே!”

அவர் போனார். நூற்றுப் பத்துப் பேர் ஏறினார்கள். பக்கத்து ஆள் மூச்சை உள்ளே இழுத்தால்தான் நாம் வெளியே விடலாம், அப்படியொரு நெரிசல். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கைகாட்டுவது ஜன்னல் வழியே தெரிந்தது.

“இடமில்ல, போ ரைட்!” கண்டக்டர் விசிலடித்தார்.

“நிறுத்துங்க! என் வீட்டுக்காரி நிக்கிறா!”

அவர் திரட்டிய கூட்டம் போட்ட கூச்சலில் அவர் குரல் மூன்று தோள்களைத் தாண்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். அங்கேயே இரு, நான் வருகிறேன் என்றுதான் ஆட்டினார். ஓடி வா என்று கூப்பிடுவதாக அவள் நினைத்துக்கொண்டாள். பையை மார்போடு அணைத்தபடி ஓடினாள். பத்தடிகூட இருக்காது. நடைபாதைக் கல்லில் தலை மோத விழுந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் குதித்துத் திரும்பி ஓடினார் தையல்காரர். யாரோ ஒரு பெண்ணின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவள் கண்திறந்தாள்.

“எத்தனை பேருங்க?”

“நூத்திப் பத்தும்மா.”

“அப்போ பஸ் நிக்காது” என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை காலையில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வாரமே கடிதம் வந்தது: பேருந்து தொடரும்.

இப்போது ஊரின் மக்கள்தொகை அறுபது. செவ்வாயும் வெள்ளியும் தையல்காரர் இன்னமும் ஏறுகிறார்.

“யாருக்காகண்ணே இப்படி அலையுறீங்க?” என்று கண்டக்டர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

“தச்சர் மருமக மாசமா இருக்காப்பா. ஒரு தலை குறைஞ்சுதுன்னு மறுபடி லெட்டர் போட்டுடுவாங்க.”

திரும்பும்போது ஆஸ்பத்திரி வாசலில் யாரும் நிற்காவிட்டாலும் ஓட்டுநர் நிறுத்துகிறார், கதவைத் திறந்து வைத்துச் சற்று நேரம் காத்திருக்கிறார். யாரும் அவசரப்படுத்துவதில்லை. வண்டி மறுபடி நகரும்வரை தையல்காரர் இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொள்கிறார்.