எழுதிக் கொடுப்பவர்

என் அப்பா தென்காசியில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதினவர். அதனால் எங்கள் வீட்டில் தோசைக்குக்கூட 'மேற்படி' உண்டு. "மேற்படி தோசைக்கு மேற்படி சட்னிதானா?" என்று கேட்பார். அம்மா இருந்தவரை அவள் தலையில் அடித்துக்கொள்வாள்; இப்போது அந்த வேலை எனக்கு. எண்பத்திரண்டு வயதில் காது மந்தம், முழங்கால் மோசம், வாய் மட்டும் புத்தம் புதுசு.

போன வருஷம் சாரல் தொடங்குகிற சமயம் அவருக்கு நெஞ்சை அடைத்தது. காரில் போட்டுத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனேன். நான் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் ஆலங்குளம் தாண்டும்வரை, "இந்த ரோட்டை எவம்லே போட்டான்?" என்று டிரைவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்வது நல்லது என்றார் டாக்டர். சொன்னது வராந்தாவில், என்னிடம். பெங்களூரில் இருக்கும் தம்பியைப் போனில் பிடித்தேன். இரண்டு பேருமாக ஐந்து நிமிஷத்தில் முடிவெடுத்துவிட்டோம். ஆபரேஷன் செய்துவிடலாம், அப்பாவிடம் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார், சின்ன டெஸ்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். நல்ல பிள்ளைகள் இப்படித்தான் செய்வார்கள் என்று மனசார நம்பினேன்.

நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து, அப்பாவைத் தாண்டி என்னிடம் நீட்டினாள். நானும் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். ஆயுசு முழுக்கக் காகிதத்தோடு வாழ்ந்த மனுஷர் பக்கத்தில் பேனாவைத் திறக்கலாமா? நான் தொண்டை கிழியக் கத்தினால் கேட்காத காதுக்கு அந்தச் சின்னச் சத்தம் கேட்டுவிட்டது.

"என்னட்டி அது?"

"ஒண்ணுமில்லப்பா. டெஸ்டுக்கு."

"கொண்டா இங்கன."

கண்ணாடியைக் கேட்டு வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் வேறு வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நெஞ்சு யாருது?"

"உங்களுதுதான்."

"அப்ப எழுதிக் கொடுப்பவர் யாரு? என் நெஞ்சுக்கு நீ எப்படிட்டி கையெழுத்துப் போடுத? பவர் வச்சிருக்கியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்று நாளாகத் தூக்கமில்லை. "பிள்ளைங்க பாக்கலைன்னுதான் ஊர்ல கேஸ் போடுதாவ. பாத்ததுக்குக் கேஸ் போடுத ஆளு நீங்க ஒருத்தர்தாம்ப்பா!"

"பாருட்டி. யாரு வேண்டாம்னா? கேட்டுட்டுப் பாரு."

டாக்டரை வரவழைத்து ஸ்டூலில் உட்கார வைத்தார். "மூணு அடைப்புன்னா எங்கெங்க? நான்கெல்லை சொல்லுங்க" என்றார். பாவம் அந்த டாக்டர்ப் பிள்ளை, படிவத்தின் பின்பக்கத்தில் இதயத்தை வரைந்து காட்டியது. செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும், இந்த வயதில் மயக்க மருந்து என்ன பண்ணும், எழுந்து நடக்க எத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணி நேரம். நான் இந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்டிருக்கவில்லை.

"நெஞ்சப் பிளக்க வேண்டாம் டாக்டர். மாத்திரை குடுங்க. இருக்கமட்டும் இருக்கேன்."

தம்பி போனில் கத்தினான். "அப்பாவுக்குப் புத்தி பிசகிட்டு, அக்கா. நீ போட்டுரு!"

ஸ்பீக்கரில் இருந்ததால் டாக்டருக்கும் கேட்டது. அவர் அப்பாவிடம் இன்றைக்கு என்ன கிழமை, இது எந்த ஊர், என்னைக் காட்டி இவர் யார் என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டு, "நல்ல நினைவோடயும், பிறர் தூண்டுதல் இல்லாமலும்னு சேத்துக்கிடுங்க" என்றார் அப்பா. தெளிவாக இருக்கிறவர் வேண்டாம் என்று சொன்னபிறகு பிள்ளைகள் சொல்லி நாங்கள் தொடக்கூடாது என்றார் டாக்டர்.

ஆபரேஷன் வேண்டாம் என்ற காகிதம் வந்தது. மேலே அப்பா போட்டார், நடுங்கினாலும் அழகான கையெழுத்து. கீழே சாட்சிக்கு இடம் காலியாக இருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நான் போட மாட்டேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் சாவதற்கு நானே சம்மதம் எழுதிக் கொடுப்பதுபோல் இருந்தது.

"கோட்டி மாதிரி அழாத. சாட்சின்னா சம்மதம்னு அர்த்தமில்ல. நான் போட்டத நீ பாத்த. அவ்வளவுதான்."

போட்டேன். கோழி கிண்டினதுபோல் விழுந்தது என் கையெழுத்து. தம்பி பத்து நாள் என்னோடு பேசவில்லை.

மாத்திரையை அப்பா தவறாமல் விழுங்கினார். சாரல் உச்சத்தில் இருந்தபோது குற்றாலம் போக வேண்டும் என்றார். அருவிக்கடியில் நிற்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. இந்த முறை நான் அதை முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லி, என்ன செய்யலாம் என்று அவரையே கேட்டேன். ஒதுங்கி உட்கார்ந்து, தெறிக்கிற தண்ணீரிலேயே தொப்பலாக நனைந்தார். எண்ணெய் ஆகாது என்று நான் பொருமப் பொருமவே மிளகாய் பஜ்ஜியை வாங்கி, "மேற்படி பஜ்ஜிக்கு நான் பூரண சம்மதம் தெரிவிக்கிறேன்" என்றார்.

போன மாதம் அவராகவே ஒரு காகிதம் எழுதினார். நினைவு தப்பி, மீள வழியில்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டால், மூச்சுக்குழாய் மாட்டி இழுத்துக்கொண்டு கிடக்க வைக்க வேண்டாம் என்பது விஷயம். எதிர்வீட்டு அண்ணாச்சியும் தேய்ப்புக் கடைக்காரரும் சாட்சி. நோட்டரி வக்கீலும் வந்திருந்தார். பழக்க தோஷத்தில் நானும் பேனாவை எடுத்துக்கொண்டு காகிதத்தின் அடிக்குப் போனேன்.

"அங்கன இல்லட்டி. இதுல உன் பேரு உள்ள இருக்கு. உள்ள இருக்கவ சாட்சி போடக்கூடாது."

படித்துப் பார்த்தேன். 'என்னால் பேச முடியாதபோது என் மகள் சொல்வதே என் சொல்' என்று எழுதியிருந்தார். பேனாவை மூடினேன்.

"தம்பி பேரப் போடலாமேப்பா. அவந்தான் ஆம்பளப் பிள்ள, தைரியசாலி."

"அவன் வேண்டாம். அவன் என்னக் காப்பாத்திப்புடுவான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஒரு தடவ அழுதுக்கிட்டே போட்டிருக்க. இன்னொரு தடவையும் போடுவ."