சகோதரர்கள் என்றால் யார்?

ஹபீபுல்லாவும் செபாஸ்டியனும் பதினேழு வருஷம் வேப்பம்பட்டில் ஒரே ரயில் ஏறி, அம்பத்தூரில் ஒரே பம்பு கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்கள். வழியெல்லாம் வாக்குவாதம்தான்.

மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசி இஸ்ரவேலரின் சகோதரர்களிலிருந்து வருவார் என்று மோசேயின் வேதமான தௌராத்தில் சொல்லியிருப்பது எங்கள் நபியைத்தான் என்பார் ஹபீபுல்லா. இஸ்ரவேலரின் சகோதரர்கள் எங்கள் நபியின் முன்னோரான இஸ்மவேலின் பிள்ளைகள்தானே? மூசா என்கிற மோசேயைப் போல் சட்டம் கொண்டுவந்து, ஊர் விட்டு ஊர் போய், ஜனத்தை நடத்தியவர் வேறு யார்? தமக்குப் பின் அஹ்மத், அதாவது எங்கள் நபி, வருவார் என்று நீங்கள் கும்பிடும் ஈசா நபியே நற்செய்தி சொல்லியிருக்கிறாரே. யோவான் சுவிசேஷத்தில் வரும் தேற்றரவாளனும் அவர்தான்.

"தேற்றரவாளன்னா பரிசுத்த ஆவி, பாய். அங்கயே எழுதிக் கீது. கண்ணாடியப் போட்டுகினு படி" என்பார் செபாஸ்டியன்.

போன ஜூனில் ஒருநாள் வாக்குவாதம் முற்றி ஹபீபுல்லா சொல்லிவிட்டார்: "உங்க புக்குல மனுசன் கை வெச்சு மாத்திட்டான், செபா. அப்புறம் இன்னா பேச்சு?"

செபாஸ்டியன் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து கடைசிப் பெட்டியில் ஏறினார். அவருக்கு ரோஷம் என்றால் எனக்கு இல்லையா என்று ஹபீபுல்லாவும் தேடிப் போகவில்லை. கொஞ்ச நாளில் செபாஸ்டியன் வேலைக்கே வரவில்லை. நீண்ட லீவு என்றார்கள். அப்போதும் ஹபீபுல்லா போய்ப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து செபாஸ்டியனின் மனைவி சாராள் போன் செய்தார். "அவருக்குத் தொண்டையில கேன்சர், அண்ணே. ஆபரேசன்ல குரலையே எடுத்துட்டாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"அப்பவே வாயத் தொறந்தா வலி. பேசாம பாய் பக்கத்துல எப்டி உக்காருறதுன்னுதான் வேற பொட்டில ஏறினாரு."

ஹபீபுல்லா அன்றே போனார். கட்டிலில் பாதி ஆளாய்க் கிடந்த செபாஸ்டியன், அவரைக் கண்டதும் நோட்டை இழுத்து எழுதினார்: 'சகோதரர்னா இஸ்ரவேலரேதான்.'

ஹபீபுல்லா அதைப் படித்துத் தலையாட்டினார். "ஆமா செபா. நீ சொல்றதுதான் சரி."

செபாஸ்டியன் முகம் சிவந்தது. பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி எழுதினார்: 'பொய் சொல்லாத. நோயாளின்னு விட்டுக் குடுக்கறியா?'

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹபீபுல்லா நாற்காலியைக் கிட்டே இழுத்துப்போட்டார். இஸ்ரவேலரின் முன்னோரான இஸ்ஹாக்கும் இஸ்மாயிலும் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அவர் பேச, இவர் எழுத, சாராள் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் ஹபீபுல்லா போனபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் சாராள் ஒரு தாளைக் கொடுத்தார். "உங்களுக்குத்தான் எழுதி வெச்சாரு."

'முந்தின அதிகாரத்துல ராஜாவையும் சகோதரர்லேர்ந்துதான் வைக்கச் சொல்லிக் கீது. அவரும் இஸ்மவேலரா, பாய்?'

நல்ல கேள்வி. ஹபீபுல்லா பூந்தமல்லியில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் போய்க் கேட்டார். ராஜா விஷயத்தில் அந்நியன் கூடாது என்று தனியாகச் சொல்லியிருக்கிறது, தீர்க்கதரிசி விஷயத்தில் அப்படி இல்லையே என்றார் அவர். அது போதாது, செபாஸ்டியன் இதை ஒரே வரியில் மடக்கிவிடுவார் என்று ஹபீபுல்லாவுக்குத் தோன்றியது. எந்த வரியால் என்றுதான் தெரியவில்லை. காலை ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு போகிறார்.